கோட்டுக்குப் பின்னால் விட்ட இடம்

சிறு கோட்டுக்குப் பின்னால் நெவேனா எதையும் எழுதவில்லை. அதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. ‘ஸ்பாஸ், கடிகாரம் பழுதுபார்ப்பவர், 1943 –’ என்று அடித்து, கோட்டோடு நிறுத்தி, பக்கத்தைத் தன் இணையதளத்தில் ஏற்றிவிட்டுக் காப்பி போடப் போனாள். ஸ்பாஸ் கிழவர் அப்போது மாவட்ட ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு, நர்ஸுகளைத் திட்டிக்கொண்டு உயிரோடுதான் இருந்தார். மறுநாள் காலை ஊர்ப் பெயரையும் அவர் பெயரையும் தேடிப் பார்த்தபோது, எல்லாச் சுட்டிகளுக்கும் மேலே, வெளிர்நீலப் பெட்டிக்குள், பதில் மரியாதையாக உட்கார்ந்திருந்தது: ‘ஸ்பாஸ் (1943 – நவம்பர் 27). ஊரின் அன்புக்குரிய கடிகாரப் பழுதுபார்ப்பாளர்.’

அன்று தேதி நவம்பர் இருபத்தைந்து.

நெவேனா சிரித்தாள். கிழவரை அன்புக்குரியவர் என்று சொன்னதே முதல் பொய். தேதி இரண்டாவது.

அவளுடையது சதுக்கத்தின் மூலையில் உள்ள அச்சுக்கடை. பெயர்தான் அச்சுக்கடை; ஓடுவது அஞ்சலித் தாளில். அந்த மலையூரில் ஒருவர் செத்தால், கறுப்புக் கட்டம் போட்ட தாளில் படமும் பெயரும் அச்சிட்டு, வீட்டுக் கதவில், விளக்குக் கம்பத்தில், பஸ் நிறுத்தத்தில் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாள் மறுபடி ஒட்டுவார்கள். ஆறாம் மாதம், வருடம், பிறகு வருடாவருடம். ஊரில் உயிரோடு இருப்பவன் ஒருமுறை கல்யாணப் பத்திரிகை அடிப்பான், அதையும் கடன் சொல்லி அடிப்பான். செத்தவன்தான் நிரந்தர வாடிக்கையாளர். ஒவ்வொரு தாளிலும் ஒரு பிரதியை நெவேனா தன் கடைக் கண்ணாடியின் உள்பக்கம் தெருவைப் பார்த்து ஒட்டிவைப்பாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று, மூக்கு கண்ணாடியில் இடிக்கப் படிப்பார்கள். அந்தக் குளிரில் ஒவ்வொருவர் மூச்சும் கண்ணாடியில் ஒரு வெள்ளை வட்டத்தை விட்டுப்போகும். கடை சாத்தும்போது அவற்றைத் துணியால் துடைப்பாள். வட்டம் இருக்கும் உயரத்தை வைத்தே யார் வந்து போனார்கள் என்று சொல்லிவிடுவாள்.

அவள் மகள் எலிட்ஸா ஜெர்மனியில் ப்ரேமன் நகரத்து முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். ஊருக்கு வந்தால் நேராகக் கதவைத் திறந்து வரமாட்டாள். வெளியே நின்று கண்ணாடியில் ஊதி, அந்த மூச்சின் மேல் விரலால் ஒரு மீன் வரைந்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். அவள் அப்பா நிகோலாவுக்குப் புனித நிகோலா திருநாள்தான் பெயர்நாள், தன் பெயருள்ள புனிதரைக் கொண்டாடும் நாள்; டிசம்பர் ஆறு, வீடுதோறும் கெண்டை மீன் சுடும் நாள். அவர் போய் ஆறு வருடமாகியும் எலிட்ஸா அந்த நாளைத் தவறவிட்டதில்லை.

எலிட்ஸா மாதிரி வெளியூர் போனவர்களுக்காகத்தான் நெவேனா இணையதளத்தையே தொடங்கினாள். ஸ்பெயினிலும் ஜெர்மனியிலும் இருக்கும் நம் ஊர்க்காரன் காலையில் காப்பியோடு முதலில் பார்ப்பது, ஊரில் யார் போனார்கள் என்பதைத்தான். வந்து பார்த்தான், பக்கத்தில் பூக்கடை விளம்பரமும் கல்லறைக் கல் வெட்டுபவன் விளம்பரமும் ஓடின, எல்லோருக்கும் நிம்மதி. பிறகு அந்த வெளிர்நீலப் பெட்டி வந்தது. கேட்டதற்குப் பதிலைச் செயற்கை மூளையே எழுதிக் கொடுத்தது. அவள் எழுதியதை எடுத்து, கொஞ்சம் மெருகேற்றி, அடியில் எறும்பு எழுத்தில் அவள் கடைப் பெயரைப் போட்டது. கடைவாசலில் எவனோ நின்றுகொண்டு உள்ளே இருக்கும் சரக்கையெல்லாம் ஓசியில் எடுத்துக் கொடுப்பதுபோல. படி ஏறி வர யாருக்கும் தேவை இல்லாமல் போயிற்று.

நெவேனாவின் அப்பா செவ்வாய்ச் சந்தையில் மிளகாய்ப்பொடி விற்றவர். மற்றவர்கள் வண்டி கட்டுமுன்பே கடை விரித்துவிடுவார். அந்த ரத்தம் சும்மா இருக்குமா? பெட்டிக்காரன் யார் முதலில் சொல்கிறார்களோ அவர்களைத்தான் எடுக்கிறான் என்று கண்டுபிடித்ததும், அவள் சாவுக்குக் காத்திராமல் பக்கங்களைப் போட ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாதவர்கள், பாதிரியார் வந்து போன வீடுகள். பெயர், பிறந்த வருடம், ஒரு கோடு. அதற்குப் பின்னால் வெறும் இடம்.

அது அந்த ஊரில் தவறாகவே படாது. கல்லறையிலும் அப்படித்தானே? கணவன் செத்தால், ஒரே கல்லில், ஒரே செலவில், உயிரோடு இருக்கும் மனைவி பெயரையும் வெட்டிவிடுவார்கள். பிறந்த வருடமும் கோடும் இருக்கும். கடைசித் தேதிக்கு இடம் விட்டிருக்கும். ஞாயிறுதோறும் ஊர்க் கைம்பெண்கள் தங்கள் பெயருக்கே மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து ரொட்டி சுடுவார்கள். யாருக்கும் உறக்கம் கெட்டதில்லை.

இருபத்தேழாம் தேதி மதியம் எதிர்க்கடை வாஸ்கா அக்கா ரப்பர் பூட்ஸோடு உள்ளே வந்தாள். மீன் வியாபாரி, வரும்போதே குளத்துச் சேற்று வாடை கூட வரும்.

“ஸ்பாஸ் போயிட்டாருடி.”

“எப்போக்கா?”

“பன்னெண்டு மணிக்கு. ஆஸ்பத்திரி சூப்பத் திட்டிக்கிட்டே போயிருக்காரு. என்ன புதுசா கேக்கற? உன்கிட்டதான் முந்தாநாளே வந்துடுச்சே.”

“நான் தேதி போடலக்கா. வெறும் கோடுதான் போட்டேன்.”

“நீ போடலன்னா என்ன? மேல இருக்கறவன் போட்டுட்டான்ல?” வாஸ்கா கைபேசியை ஆட்டிக் காட்டினாள். “எங்க தெருவுல எல்லாரும் நேத்தே சாவுப் படையலுக்குக் கோதுமை வேகப் போட்டுட்டாங்க. கறுப்புத் துணிய இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டாச்சு. மனுஷன் ஒரு நாள் இழுத்திருந்தாருன்னா ஊரே கோவிச்சிருக்கும்.”

“கீழ என் பக்கத்தப் பாத்திருக்கலாமே?”

“கீழ எவடி போறா? மேலயே பதில் நிக்குது.”

வாஸ்கா போனபிறகும் சேற்று வாடை போகவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம், அவள் கடைத் தொட்டியில், திருநாளுக்கென்று வந்து இறங்கிய கெண்டைகள் வாலால் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தன; மூடிய கதவை யாரோ பொறுமையாக முழங்கையால் இடிப்பதுபோல, இடைவெளி விட்டு இடைவெளி விட்டு, அந்தச் சத்தம் அச்சு இயந்திரத்தின் முனகலுக்கு நடுவில் புகுந்து புகுந்து வந்தது.

தற்செயல் என்று நெவேனா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எண்பது தாண்டிய நோயாளிக்கு எந்தத் தேதி சொன்னாலும் பொருந்தத்தான் செய்யும். முப்பதாம் தேதி, பள்ளிக்கூடத்தில் முன்பு சமையல் செய்த திமானாவுக்குப் பக்கம் போட்டாள். கோட்டோடு நிறுத்தினாள். நிறுத்தியதைக் கைபேசியில் படமும் எடுத்து வைத்துக்கொண்டாள். மறுநாள் பெட்டி சொன்னது, டிசம்பர் 2. டிசம்பர் இரண்டாம் தேதி காலையில் திமானாவின் மகன், படத்தோடும் சிவந்த கண்களோடும் கடைக்கு வந்து நின்றான். தாள் ஏற்கெனவே தயாரா என்று கேட்டான்.

மறுநாள் சாயங்காலம் நாலரை மணிக்கே இருட்டு மலையிலிருந்து இறங்கிச் சதுக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. கரிப்புகையும் மூடுபனியும் கலந்து விளக்குக் கம்பங்களை மஞ்சள் பஞ்சாக்கியிருந்தன. கண்ணாடியில் அன்றைய வட்டங்களைத் துடைத்துவிட்டு, சூடான மையின் இனித்த வாடையில், நெவேனா கணினி முன் உட்கார்ந்து ஏன் என்று தெரியாமல் தேடலில் தன் பெயரையே அடித்தாள்.

‘நிகோலா (1966 – 2019). அருகில் அவர் மனைவி நெவேனா (1970 – டிசம்பர் 6) துயில்கிறார்.’

அடியில் எறும்பு எழுத்தில் அவள் தளத்தின் பெயர். அழுத்தினாள். கடந்த வசந்தத்தில் தளத்துக்காக அவளே ஊர்க் கல்லறைகளை வரிசையாகப் படமெடுத்து ஏற்றியிருந்தாள். அதில் அவர்கள் கல்லும் இருந்தது. நிகோலாவின் படம். அவள் படம். அவள் பெயருக்கு நேரே கோடு. கோட்டுக்குப் பின்னால் வழவழப்பான, வெட்டப்படாத, வெறும் கறுப்புக் கல்.

பெட்டி வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பெட்டியின் அடியில் ‘இந்தப் பதிலில் பிழையா?’ என்று ஒரு வரி இருந்தது. நெவேனா நாற்காலியை இழுத்துப்போட்டாள். பேரம் அவளுக்குப் புதிதில்லை. சந்தையில் வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் எதையும் சாதித்ததில்லை. நம்பிக்கையான ஓர் ஆளைப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். அப்பா அப்படித்தான் செய்வார். அவள் அடித்தாள்: ‘நான்தான் நெவேனா. உயிரோடு இருக்கிறேன். ஆறாம் தேதி நான் சாகவில்லை. என் மகள் எலிட்ஸா, 1997இல் பிறந்தவள், சாட்சி. ஆறாம் தேதி ப்ரேமனிலிருந்து ஊருக்கு வருகிறாள்.’ மேலே இருப்பவனுக்குச் சான்று பிடிக்கும் என்று எலிட்ஸாவின் படத்தையும் சேர்த்தாள்.

‘நன்றி. உங்கள் தகவல் பரிசீலிக்கப்படும்.’

நாலாம் தேதி மாறவில்லை. ஐந்தாம் தேதி மாறவில்லை. பூக்காரி அவளைக் கண்டு சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனாள். ரொட்டிக்கடைக்காரன் பாக்கி வைத்திருந்ததைக் கேட்காமலேயே கொண்டுவந்து கொடுத்தான். அவனும் பெட்டியைப் பார்த்திருந்தான். ஐந்தாம் தேதி இரவு அடுப்பை அணைத்தாள். பிளக்கையெல்லாம் பிடுங்கினாள். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள்.

ஆறாம் தேதி காலை பெட்டி மாறியிருந்தது.

‘நெவேனா (பிறப்பு 1970). ஊர்ச் சதுக்கத்தில் அச்சுக்கடை நடத்திவருகிறார்.’

அவ்வளவுதான். கோடே இல்லை. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தாள், அழுதாள். பிறகு மேலங்கியை மாட்டிக்கொண்டு எதிரே போனாள்.

“இந்தா, செத்தவ வந்துட்டா,” என்றாள் வாஸ்கா. “அம்மணிக்குக் கெண்டை வேணுமாம்.”

“பெரிசா பாத்துக் குடுக்கா. எம்பொண்ணு வர்றா.”

“பேய்க்கு விலையில கழிவு கிடையாது, சொல்லிட்டேன்.”

“பேய்க்கு எதுக்குக்கா தராசுத் தட்டுல விரல வைக்கற? எடு விரல.”

வாஸ்கா வாய்விட்டுச் சிரித்து விரலை எடுத்தாள். மீனின் தலையில் மரக்கட்டையால் ஒரே அடி. வால் இரண்டு முறை துடித்து நின்றது.

ஒன்றரை மணிக்கு எலிட்ஸா சோஃபியா விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டாள்.

“அம்மா, கார் கிடைச்சிடுச்சு. நாலு பேர் சேந்து வர்றோம். டிரைவர் மீசை இருக்கே, அப்பா மீசையவிடப் பெரிசு.”

“மெதுவா ஓட்டச் சொல்லுடி.”

“மீசையவா?”

“வாயப் பாரு. மேல மலையில பனியாம்.”

“மீன அடுப்புல வெச்சிடாதம்மா. நான் வந்துதான் வால் பக்கம் உப்புப் போடுவேன். நீ போட்டா கடல் தண்ணி.”

மூன்று மணிக்கு எலிட்ஸா ஒரு செய்தி அனுப்பினாள்: மலையேற ஆரம்பிச்சாச்சு.

மூன்றேகாலுக்கு இன்னொரு செய்தி வந்தது. ப்ரேமனில் இருக்கும் ஊர்ப் பெண் ஒருத்தி. எலிட்ஸாவோடு வேலை பார்ப்பவள். ‘நெவேனா அக்கா, இப்பதான் படிச்சேன். நேத்து ராத்திரி வரைக்கும் சிரிச்சுக்கிட்டிருந்தாளே. எப்படி ஆறுதல் சொல்றதுன்னே தெரியல.’

நெவேனா அதை இரண்டு முறை படித்தாள். தன் பெயரை மட்டும்தான் காலையில் தேடியிருந்தாள். இப்போது மகள் பெயரை அடித்தாள்.

‘எலிட்ஸா (1997 – டிசம்பர் 6). திருத்தம்: முன்பு தவறுதலாகத் தாயாரின் பெயர் குறிப்பிடப்பட்டிருந்தது. ஆதாரம்: தாயார் அளித்த தகவல்.’

மேலே, அவள் சேர்த்த படம். எலிட்ஸா சிரித்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் மெல்லிய கறுப்புக் கட்டம்.

கூப்பிட்டாள். மணி போகவில்லை. மலையில் சிக்னல் இருக்காது. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மறுபடி கூப்பிட்டாள். மறுபடி.

ஸ்பாஸின் பக்கத்தை அழித்தாள். திமானாவை அழித்தாள். கல்லறைப் படங்களை வரிசையாக அழித்தாள். பிறகு தளத்தையே, ஒன்பது வருட உழைப்பை, வேரோடு பிடுங்கினாள். ‘நிச்சயமாக நீக்கவா?’ என்றது திரை. ஆம். ஆம். ஆம்.

தேடினாள். பெட்டி அங்கேயே நின்றது. அடியிலிருந்த எறும்பு எழுத்து மட்டும் போயிருந்தது. இப்போது அதற்கு ஆதாரமே தேவைப்படவில்லை.

‘இந்தப் பதிலில் பிழையா?’

‘பிழை. அவள் உயிரோடு இருக்கிறாள். அவள் பெயரை எடு.’

‘நன்றி. வேறு யாருடைய பெயரைக் குறிப்பிட வேண்டும்?’

அந்த வரி முன்பு அங்கே இருந்ததே இல்லை.

நாலு மணி. வெளியே மூடுபனி சதுக்கத்தைத் தின்றுகொண்டு வந்தது. எதிர்க்கடைத் தொட்டி காலி. எல்லாக் கெண்டையும் விற்றுத் தீர்ந்து, வாஸ்கா விளக்கை அணைத்துக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தாள். வீடுகளிலிருந்து சுட்ட மீன் வாடை வந்தது. ஆனாலும் அந்தச் சத்தம். காலித் தொட்டியில். தகரத்தில். இடைவெளி விட்டு.

நெவேனா தன் பெயரை அடித்தாள். தாளில் கறுப்புக் கட்டம் போட்டாள். 1970. கோடு. இந்த முறை கோட்டுக்குப் பின்னால் அவளே எழுதினாள். டிசம்பர் 6. விடு அவளை. என்னை எடுத்துக்கொள். முதலில் நான்தானே உன் விலை?

இயந்திரம் முனகித் தாளைத் துப்பியது. கதகதப்பான தாள். கடைக் கதவுக் கண்ணாடியில், உள்பக்கம், தெருவைப் பார்த்து ஒட்டினாள். வெளியே போய்ப் படம் எடுத்தாள். எங்கெல்லாம் ஏற்ற முடியுமோ அங்கெல்லாம் ஏற்றினாள். பெட்டியிலும் எழுதினாள்: ‘நெவேனா. டிசம்பர் 6. ஆதாரம்: நானே.’

உள்ளே வந்து உட்கார்ந்தாள். காத்திருந்தாள்.

நாலரை.

மீன் மேசைமேல் தாளில் சுற்றியபடி. உப்பு போடாமல்.

நாலே முக்காலுக்குப் பெட்டி தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.

‘நெவேனா (1970 – டிசம்பர் 6). எலிட்ஸா (1997 – டிசம்பர் 6). தாயும் மகளும்.’

அது எதையும் கழிக்கவில்லை. கூட்டத்தான் செய்தது.

கைபேசி ஒலித்தது. திரையில் எலிட்ஸா. நெவேனாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது பெயர் இல்லை, வெறும் சத்தம்.

“எலி? எங்கடி இருக்க? எலி!”

காற்று. ஈரத் தாரில் டயர்கள் ஊர்ந்து போகும் ஓசை. யாரோ தூரத்தில் கத்துகிறார்கள்.

“ஹலோ?” ஆண் குரல். தெரியாத குரல். மூச்சு வாங்கியது. “அம்மா... இந்த போன் ரோட்டுல கிடந்துச்சு. திரையில ‘அம்மா’ன்னு இருந்துச்சு, அதான்... நீங்க எங்கேர்ந்து பேசறீங்க? உங்ககூட வேற யாராச்சும் இருக்காங்களா?”

அவள் கதவுப் பக்கம் திரும்பினாள்.

கதவுக்கு வெளியே யாரோ நின்றார்கள்.

விளக்குக் கம்பத்தின் மஞ்சளில் அவள் ஒட்டிய தாள் பின்பக்கம் தெரிய ஒளிர்ந்தது. எழுத்துகள் இடவலம் மாறி, கட்டம் கறுப்பாக. அதற்குப் பின்னால் ஓர் உருவம். தோளில் பை. குட்டையான கம்பளித் தொப்பி. தாளைப் படிப்பதுபோல் தலையைச் சற்றுச் சாய்த்து. தட்டவில்லை.

“அம்மா, லைன்ல இருக்கீங்களா?” என்றது குரல்.

உருவம் கண்ணாடிக்கு நெருங்கி வந்தது. முகம் கண்ணாடியோடு ஒட்டும் அளவுக்கு. வாய் குவிந்தது. ஊதியது. நீளமாக ஊதியது.

கண்ணாடி தெளிவாகவே இருந்தது.

பிறகு விரல் உயர்ந்தது. வெள்ளை படியாத அந்தக் கண்ணாடியில், மெல்ல, அவசரமே இல்லாமல், ஒரு மீனின் முதுகை வரைய ஆரம்பித்தது.